ரொறன்ரோவின் ஏப்ரல் 14: ஒரு வசந்த நாளின் வானிலைப் பதிவுகளைத் தேடிப் படிக்கும் முறை

ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பங்குனி முடியும் தறுவாயில் தவறாமல் எழும் கேள்வி, சித்திரை வருடப்பிறப்பன்று வெளியில் எப்படி இருக்கும் என்பதுதான். பிள்ளைகளின் பட்டுப்பாவாடைக்கு மேல் குளிர்ச்சட்டை போட வேண்டுமா, கோயில் வாசலில் முதியவர்கள் வரிசையில் நிற்க முடியுமா என்று தொடங்கும் பேச்சு, 'முந்தி ஏப்ரலில் இப்படிக் குளிர் இருந்ததில்லை' என்று ஒருவரும் 'முந்தித்தான் கடும் குளிர்' என்று மற்றொருவரும் சொல்வதில் போய் முடியும். இருவரில் யார் சொல்வது சரி என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த நகரில் 1840 முதல் வெப்பநிலை நாள்தோறும் அளக்கப்பட்டு வருகிறது. அந்த எண்கள் கனடாவின் சுற்றாடல், காலநிலை மாற்ற அமைச்சின் இணையத்தளத்தில் கட்டணமும் பதிவுக் கணக்கும் இன்றி எவருக்கும் திறந்திருக்கின்றன.

ஆனால் எண் கிடைப்பது ஒன்று, அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வது வேறொன்று. எந்த நிலையத்தில் அளந்தார்கள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரையிலான பொழுதை ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டார்கள், அட்டவணையின் அந்த நிரலில் (மேலிருந்து கீழான வரிசையில்) எவையெல்லாம் சேர்க்கப்பட்டுள்ளன என்ற மூன்றையும் அறியாமல் 'ரொறன்ரோவின் ஏப்ரல் 14 சாதனை' என்று எதையும் சொல்லிவிட முடியாது. இதுவரை வானிலைத் தரவு எதையும் திறந்து பாராதவர்களும் பின்பற்றக்கூடிய விதத்தில் அந்த வேலையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன். வேறு நகரத்துக்கோ வேறு நாளுக்கோ தேடுவோருக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

படி 1: கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

'ஏப்ரல் 14 இல் வானிலை எப்படி இருக்கும்' என்பது ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த நாளில் வழக்கமாக எவ்வளவு வெப்பநிலையை எதிர்பார்க்கலாம் என்பது முதலாவது. அதிகபட்சமாகவும் குறைந்தபட்சமாகவும் எதுவரை போயிருக்கிறது என்பது இரண்டாவது. குறித்த ஓர் ஆண்டில், எடுத்துக்காட்டாக 2018 இல், என்ன நடந்தது என்பது மூன்றாவது. முதலாவதற்கு முப்பது ஆண்டுத் தரவு போதும். இரண்டாவதற்குக் கிடைக்கக்கூடிய மிக நீண்ட தொடர் தேவை. மூன்றாவதற்கு ஒரே ஒரு நாளின் தரவு போதுமானாலும், அதை மணிக்கு மணி பார்க்க வேண்டும். எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடங்கினால் அடுத்த படிகளில் பாதி வேலை குறைந்துவிடும்.

வருடப்பிறப்பை முன்னிட்டுத் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்கலாம். நம் சூரிய நாட்காட்டி விண்மீன் பின்னணியில் சூரியன் நிற்கும் இடத்தை வைத்துக் கணிக்கப்படுவதால், ஆங்கில நாட்காட்டியில் வருடப்பிறப்பு மெல்ல மெல்லப் பிந்திய திகதிகளுக்குத் தள்ளிப்போகிறது. ரொறன்ரோவில் அளவீடு தொடங்கிய 1840களில் வருடப்பிறப்பு ஏப்ரல் 11ஐ ஒட்டியே வந்திருக்கும். பருவம் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளோடு செல்வதால், வானிலை ஒப்பீட்டுக்கு ஏப்ரல் 14 என்ற ஆங்கிலத் திகதியையே எல்லா ஆண்டுகளுக்கும் வைத்துக்கொள்வது சரியானது.

படி 2: நிலையத்தைத் தெரிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். பிழையான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ரொறன்ரோவின் மிகப் பழைய தொடர், பிரித்தானிய இராணுவத்தின் பீரங்கிப் படையினர் நிறுவிய காந்த அவதான நிலையத்தில் தொடங்கியது. பூமியின் காந்தப் புலத்தை உலகின் பல இடங்களில் ஒரே காலத்தில் அளப்பதற்காக ஹோபார்ட், செயின்ட் ஹெலனா, நன்னம்பிக்கை முனை ஆகிய இடங்களில் அமைத்தவற்றோடு ரொறன்ரோவிலும் ஒன்றை அமைத்தார்கள். சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் பூமியின் காந்தக் குழப்பங்களுக்கும் தொடர்பு உண்டு என்று, இந்தக் காந்த அளவீட்டுத் திட்டத்தை வழிநடத்திய எட்வேர்ட் சபைன் 1852 இல் காட்டியதற்கு ரொறன்ரோவின் அளவீடுகளும் ஆதாரமாக இருந்தன. காந்தமானியைக் கவனித்து வந்த அதே படைவீரர்கள் வெப்பமானியையும் ஒழுங்காகப் பார்த்து எழுதியதால்தான், கனடா என்ற நாடே கூட்டாட்சியாக உருவாவதற்கு 27 ஆண்டுகள் முந்திய ஏப்ரல் மாதங்களின் வெப்பநிலையை இன்று நாம் வீட்டிலிருந்து பார்க்க முடிகிறது. இதை எண்ணும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத அவதானிப்பாளர்கள்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

இந்தத் தொடர் தரவுத்தளத்தில் வெறுமனே 'ரொறன்ரோ' என்ற பெயரில் இருக்கிறது; அதன் காலநிலை அடையாள எண் 6158350. பல்கலைக்கழக வளாகத்தையும் புளோர் வீதியையும் ஒட்டிய பகுதியில் இந்த நிலையம் இருந்தது. 2002 இலிருந்து அதே சுற்றுவட்டாரத்தில் 'ரொறன்ரோ சிற்றி' என்ற தானியங்கி நிலையம் இயங்குகிறது. அதன் எண் 6158355. இரண்டும் தொடக்கத்தில் ஒரே காலத்தில் இயங்கியதால், ஒரே ஏப்ரல் 14க்கு இரண்டு எண்கள் கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு. அத்தகைய ஆண்டுகளில் எதை எடுத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது தொடர் பியர்சன் விமான நிலையத்தினுடையது. மால்ற்றன் என்ற பெயரில் தொடங்கிய அந்த விமான நிலையத்துக்கு 1984 இல் லெஸ்ரர் பி. பியர்சன் பெயர் சூட்டப்பட்டது. அதன் வானிலைப் பதிவு 1937 இன் இறுதியிலிருந்து கிடைக்கிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2013 ஜூன் வரையிலான தரவு 6158733 என்ற எண்ணின் கீழும், அதன் பின்னைய தரவு 'ரொறன்ரோ இன்ரர்நஷனல்' என்ற பெயரில் 6158731 என்ற எண்ணின் கீழும் இருக்கின்றன. ஆகவே பியர்சனின் ஏப்ரல் 14ஐத் தொகுக்கும்போது 2013 வரை பழைய எண்ணிலிருந்தும் 2014 முதல் புதிய எண்ணிலிருந்தும் எடுத்துச் சேர்க்க வேண்டும். இதை அறியாமல் ஒன்றை மட்டும் திறந்தவர், பதிவுகள் 2013 உடன் நின்றுவிட்டன என்றோ 2013 இல்தான் தொடங்கின என்றோ எண்ணிவிடுவார்.

இரண்டில் எது 'ரொறன்ரோ'? செய்திகளில் பெரும்பாலும் பியர்சனின் எண்ணே வருகிறது. நகரின் மையத்துக்கு வடமேற்கில் இருபது கிலோமீற்றருக்கும் அப்பால், கடல் மட்டத்திலிருந்து 173 மீற்றர் உயரத்தில் பியர்சன் இருக்கிறது. நகர நிலையமோ அதைவிட ஏறத்தாழ அறுபது மீற்றர் தாழ்வில், ஒன்ராறியோ ஏரிக்கு அண்மையில், கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மறை 32.8 பாகை (−32.8 செல்சியஸ்) 1859 ஜனவரி 10 அன்று பழைய நகர நிலையத்தில் அளக்கப்பட்டது. பியர்சனின் மிகக் குறைந்த வெப்பநிலையோ 1981 ஜனவரி 4 அன்று பதிவான மறை 31.3 பாகை. ஒரே நகரின் பெயரில் சொல்லப்படும் இந்த இரண்டு சாதனைகளும் வெவ்வேறு காலங்களுக்கும் வெவ்வேறு நிலங்களுக்கும் உரியவை.

வசந்த காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஏப்ரலில் ஏரி நீர் குளிர்காலக் குளிரை இன்னும் விடாமல் வைத்திருக்கும். வெயில் ஏறும்போது நிலம் விரைவாகச் சூடாகும். அப்போது ஏரியிலிருந்து வீசத் தொடங்கும் காற்று கரையோரப் பகுதிகளைக் குளிர வைக்க, உள்நாட்டில் இருக்கும் பியர்சனில் அதே பிற்பகலில் பல பாகைகள் கூடுதலாக இருக்கும். ஸ்காபரோவில் ஏரிக்கரையை ஒட்டி வாழ்பவர் பியர்சனின் உச்ச வெப்பநிலையை நம்பி மெல்லிய சட்டையுடன் புறப்பட்டால் நடுங்க வேண்டியிருக்கும். ஸ்காபரோவின் தென்பகுதிக்கு நகர நிலையமும், வடபகுதிக்கும் அதற்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகருக்கும் 'பட்டன்வில்' என்ற பெயரில் உள்ள பதிவுகளும் பியர்சனைவிடப் பொருத்தமானவை என்பது என் கணிப்பு. பட்டன்வில் விமான நிலையம் 2023 இன் பிற்பகுதியில் மூடப்பட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அந்த நாளின் பக்கத்தைத் திறங்கள்

அமைச்சின் காலநிலைத் தரவுத் தளத்தில் 'ஹிஸ்ரோரிக்கல் டேற்றா' (Historical Data) என்ற பகுதிக்குச் சென்று, நிலையத்தின் பெயரைக் கொண்டு தேடும் பெட்டியில் ரொறன்ரோ என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அந்தப் பெயரில் தொடங்கும் பல நிலையங்கள் சில ஆண்டுகளே இயங்கி மூடப்பட்டவை. பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், மேலே தந்த அடையாள எண் பொருந்துகிறதா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பின்னர் நாளாந்தத் தரவு, ஆண்டு, மாதம் ஆகியவற்றைக் குறித்தால் அந்த மாதத்தின் முப்பது நாள்களும் ஒரே அட்டவணையில் தோன்றும்; அதில் 14ஆம் நிரையைப் (இடமிருந்து வலமான வரிசையைப்) படிக்க வேண்டியதுதான்.

விரைவாக ஒரு பார்வை மட்டும் போதும் என்பவர்களுக்கு அதே தளத்தில் 'அல்மனாக்' (Almanac) என்ற பகுதி உதவும். நிலையத்தையும் திகதியையும் கொடுத்தால் அந்த நாளுக்கான சராசரிகளையும், மிகக் கூடிய, மிகக் குறைந்த எண்களையும், அவை பதிவான ஆண்டுகளையும் அது தந்துவிடும். ஆனால் அது அந்த ஒரு நிலையத்தின் அடையாள எண்ணுக்குள் இருக்கும் தரவை மட்டுமே பார்க்கிறது. 2013 இல் தொடங்கிய நிலையத்தைக் கொடுத்துவிட்டு 'வரலாற்றுச் சாதனை' என்று அது காட்டும் எண்ணை எடுத்துக்கொண்டால், அது சில ஆண்டுகளின் சாதனையாகவே இருக்கும்.

படி 4: நிரல்களைச் சரியாகப் படியுங்கள்

உச்ச வெப்பநிலையும் தாழ் வெப்பநிலையும் விளக்கம் தேவைப்படாதவை. அவற்றுக்கு அடுத்துள்ள சராசரி வெப்பநிலை, நாள் முழுவதும் எடுத்த அளவீடுகளின் சராசரி என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் அது உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்த எண். விடியற்காலையில் மட்டும் கடும் குளிர் இருந்து பகல் முழுவதும் இதமாக இருந்த நாளின் சராசரியும், நாள் முழுவதும் மந்தமாக இருந்த நாளின் சராசரியும் ஒன்றாகவே வரலாம். வருடப்பிறப்புக்கு என்ன உடுப்பது என்று அறிய விரும்புபவர் உச்ச வெப்பநிலை நிரலையும் மணிவாரித் தரவையும் பார்ப்பதே பயனுள்ளது. சூடாக்கல் பாகை நாள் என்ற நிரல், அந்தச் சராசரி 18 பாகையைவிட எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுவது. வீட்டைச் சூடாக்கும் செலவைக் கணிப்பவர்களுக்கு உரியது, நமக்குத் தேவையில்லை.

மழை, பனி, மொத்த வீழ்ச்சி என்ற மூன்று நிரல்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். மழை நிரலில் சாதாரண மழையோடு தூறலும், உறைமழையும் (தொட்ட இடத்தில் உறையும் மழையும்), ஆலங்கட்டியும் கூடச் சேர்க்கப்படுகின்றன. பனி நிரலில் பனிப்பொழிவோடு பனிக்கட்டி மணிகளும் (காற்றிலேயே உறைந்த துளிகளும்) சேர்கின்றன. மழை மில்லிமீற்றரிலும் பனி சென்ரிமீற்றரிலும் தரப்படும். மொத்த வீழ்ச்சி நிரலோ பனியை உருக்கினால் கிடைக்கும் நீரையும் சேர்த்து மில்லிமீற்றரில் தருவது. பத்துச் சென்ரிமீற்றர் பனிக்குப் பத்து மில்லிமீற்றர் நீர் என்ற பொது விகிதத்தை வைத்தே நெடுங்காலம் கணக்கிட்டார்கள். ஏப்ரல் மாதத்து ஈரப்பனிக்கு இந்த விகிதம் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதால், பழைய வசந்தப் பனி நாள்களின் நீரளவை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

தானியங்கி நிலையங்கள் பெரும்பாலும் மொத்த வீழ்ச்சியை மட்டும் அளக்கின்றன. ஆகவே 'ரொறன்ரோ சிற்றி' நிலையத்தின் பக்கத்தில் மழை, பனி நிரல்கள் வெறுமையாகவோ 'எம்' (M) என்ற எழுத்துடனோ இருக்கும். 'எம்' என்பது தரவு இல்லை என்பதைக் குறிக்கும். பூச்சியம் என்று அதைப் படிக்கக்கூடாது. அந்த நிலையத்தை வைத்துக்கொண்டு '2010க்குப் பிறகு ஏப்ரல் 14 இல் பனியே விழவில்லை' என்று ஒருவர் சொன்னால், வெறும் கட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்றே பொருள். 'ரி' (T) என்ற எழுத்து, அளக்க முடியாத அளவுக்குச் சிறிதளவு விழுந்தது என்பதைக் காட்டும். 'ஈ' (E) என்பது மதிப்பிடப்பட்ட எண். 'ஏ' (A) என்பது முந்திய நாள்களோடு சேர்த்து அளந்த தொகை. காற்று வீச்சு நிரலில் 31ஐவிடக் குறைவு என்ற குறி இருந்தால், மணிக்கு 31 கிலோமீற்றரைத் தொடும் வீச்சு எதுவும் பதிவாகவில்லை என்று கொள்ளலாம்.

படி 5: நாள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

தளத்திலுள்ள நேரங்கள் யாவும் நியம நேரத்தில் தரப்படுகின்றன. ஏப்ரலில் நம் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கப்பட்டிருப்பதால், மணிவாரி அட்டவணையில் காலை 8 மணி என்று இருப்பதை நம் கடிகாரத்தில் 9 மணி என்று மாற்றிப் படிக்க வேண்டும்.

விமான நிலையம் போன்ற முதன்மை நிலையங்களில் காலநிலை நாள் என்பது உலகப் பொது நேரப்படி (UTC) காலை 6 மணிக்கு முடிகிறது. ரொறன்ரோவின் நியம நேரத்தில் அது அதிகாலை 1 மணி. கோடை நேரக் கடிகாரத்தில் அதிகாலை 2 மணி. ஆகவே 14ஆம் திகதி அதிகாலை ஒரு மணிக்கு நீங்கள் கண்ட குளிர் 13ஆம் திகதியின் கணக்கில் சேரும். இந்த ஒழுங்கும் எப்போதும் இருந்ததன்று. 1961 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு தாழ் வெப்பநிலைக்கான நாள் வேறு நேரத்தில் முடிந்தது. புதிய ஒழுங்கில் ஒரே குளிர் இரவு இரண்டு நாள்களின் தாழ் வெப்பநிலையாகவும் பதிவாகும் வாய்ப்பு கூடியதால், கிழக்குக் கனடாவின் முதன்மை நிலையங்களில் 1961க்குப் பிந்திய தாழ் வெப்பநிலைகள் முந்தியவற்றோடு ஒப்பிடும்போது சற்றுக் குறைவாகத் தோன்றும் சாய்வு உண்டு என்று கனடிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

படி 6: பழைய அலகுகளின் தடத்தை அடையாளம் காணுங்கள்

கனடா 1975 ஏப்ரல் 1 அன்று வெப்பநிலைக்குச் செல்சியஸ் அலகுக்கு மாறியது. மழையும் பனியும் அதே ஆண்டு செப்ரெம்பரில் மாறின. அதற்கு முந்திய எண்கள் பரனைற் (Fahrenheit) அலகில் எழுதப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டவை. பழைய ஏப்ரல் மாதப் பக்கம் ஒன்றைத் திறந்து உச்ச வெப்பநிலை நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால் இது கண்ணுக்குத் தெரியும். 12.2, 12.8, 13.3, 13.9, 14.4 என்ற எண்களே திரும்பத் திரும்ப வரும்; 12.5 என்றோ 13.6 என்றோ காண்பது அரிது. அவை முறையே 54 முதல் 58 வரையிலான முழுப் பரனைற் பாகைகள். பெரும்பாலும் முழு எண்ணாகவே எழுதியதால், 13.3 என்ற பழைய எண்ணுக்குள் ஏறத்தாழ அரைப் பாகை அகலமான ஓர் இடைவெளி அடங்கியிருக்கிறது. இன்றைய 13.4 பழைய 13.3ஐ 'முறியடித்தது' என்று எழுதுவதில் பொருளில்லை. மழைக்கும் இதே நிலைதான்: 0.3, 0.5, 0.8 என்று வரும் பழைய மில்லிமீற்றர் எண்கள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்குகள்.

படி 7: வழமையைக் கணிக்க முப்பது ஆண்டுகளைச் சேருங்கள்

நாளாந்தத் தரவை ஆண்டுக்கு ஒரு சிஎஸ்வி (CSV, எக்செல்லில் திறக்கக்கூடிய அட்டவணை) கோப்பாகத் தரவிறக்கலாம். 1991 முதல் 2020 வரையிலான முப்பது கோப்புகளை எக்செல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஏப்ரல் 14 நிரைகளை மட்டும் வடிகட்டினால் முப்பது எண்கள் கிடைக்கும். முப்பது எண்கள் ஒரு நாளின் இயல்பைச் சொல்லப் போதாது. இரண்டு மூன்று வெப்பமான ஆண்டுகள் தற்செயலாக அந்தத் திகதியில் விழுந்தால் ஏப்ரல் 14 அதன் அண்டை நாள்களைவிடச் சூடானது என்ற போலித் தோற்றம் வந்துவிடும். எனவே ஏப்ரல் 7 முதல் 21 வரையிலான பதினைந்து நாள்களையும் எடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு 450 எண்கள் சேரும். ரொறன்ரோவில் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் பகல் உச்ச வெப்பநிலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.2 பாகை வீதம் ஏறிச் செல்வதால், இருபுறமும் சம எண்ணிக்கையான நாள்களை எடுப்பது முக்கியம். ஒருபுறம் கூட எடுத்தால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அந்த 450 எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, அடியிலிருந்து 45ஆவது எண்ணையும் உச்சியிலிருந்து 45ஆவது எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடப்பிறப்புகளில் எட்டில் உச்ச வெப்பநிலை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழும் என்று எதிர்பார்க்கலாம். நகரின் ஏப்ரல் மாதப் பகல் உச்சத்தின் சராசரி 11, 12 பாகையை ஒட்டியது. ஆனால் மண்டபம் பிடிப்பவருக்கும் ஊர்வலம் ஒழுங்கு செய்பவருக்கும் சராசரியைவிட இந்த இடைவெளியே உதவும். மழைக்கு இன்னும் எளிய வழி உண்டு: 450 நாள்களில் எத்தனை நாள்களில் மொத்த வீழ்ச்சி 0.2 மில்லிமீற்றரைத் தொட்டது என்று எண்ணி வகுத்தால் வாய்ப்பு விகிதம் கிடைத்துவிடும்.

படி 8: சாதனைகளை அவற்றின் ஆண்டு நீளத்தோடு படியுங்கள்

காலநிலை மாறாமலே இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 180 ஆண்டுத் தொடர் ஒன்றில் குறித்த ஒரு திகதியின் உச்ச வெப்பநிலைச் சாதனை அடுத்து வரும் ஆண்டில் முறியடிக்கப்படும் வாய்ப்பு 180இல் ஒன்று. ஆண்டின் 365 நாள்களுக்கும் கூட்டிப் பார்த்தால், ஆண்டுக்கு இரண்டு நாள்களில் புதிய உச்சச் சாதனை வருவது இயல்பு. 88 ஆண்டுத் தொடரைக் கொண்ட பியர்சனுக்கு அதே கணக்கு ஆண்டுக்கு நான்கு நாள்கள் என்று வரும். அதாவது, பியர்சனை வைத்து எழுதும் செய்தியில் 'சாதனை' என்ற சொல் நகர நிலையத்தை வைத்து எழுதுவதைவிட இரு மடங்கு அடிக்கடி வருவதற்கு வெப்பமயமாதல் எதுவும் தேவையில்லை. தொடரின் குறுகிய நீளமே போதும்.

புவி வெப்பமாதலின் தடத்தைத் தேடுபவர் உச்சச் சாதனைகளைத் தனியாக எண்ணாமல், உச்சச் சாதனைகளையும் தாழ்ச் சாதனைகளையும் அருகருகே வைத்து எண்ண வேண்டும். மாறாத காலநிலையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வரும். ஒரு பக்கம் தொடர்ந்து கனத்தால் அது பொருளுள்ள செய்தி. அதற்கும் ஒரே திகதி போதாது, ஏப்ரல் முழுவதையும் எடுக்க வேண்டும். நகரம் வளர்ந்ததால் ஏற்பட்ட வெப்பமும் பழைய நகர நிலையத்தின் எண்களுக்குள் கலந்திருக்கிறது. அதனால் நீண்ட காலப் போக்கை ஆராய்பவர்களுக்கு, இடமாற்றங்களையும் முறைமாற்றங்களையும் திருத்திச் சீராக்கிய தரவுத் தொகுதி ஒன்றை அமைச்சு தனியாக வெளியிட்டிருக்கிறது. சாதனைகளுக்கென்றும், அண்மையிலுள்ள நிலையங்களை ஒரே தொடராக இணைத்து நாடெங்கும் சுமார் 750 இடங்களுக்கு நாளாந்தச் சாதனைகளைத் தரும் தொகுதி ஒன்று இருக்கிறது. 'இதுவரை இல்லாத' என்ற சொல்லைப் பயன்படுத்துமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 9: ஓர் ஆண்டை அருகில் சென்று பாருங்கள்

2018 ஏப்ரல் 14 சனிக்கிழமை. அன்று தொடங்கிய உறைமழைப் புயல் திங்கட்கிழமை வரை தெற்கு ஒன்ராறியோவை ஆட்டிப் படைத்தது. பியர்சனில் நூற்றுக்கணக்கான பறப்புகள் நிறுத்தப்பட்டன, மின்கம்பிகள் அறுந்தன, சி.என். கோபுரத்திலிருந்து விழுந்த பனிக்கட்டி திங்களன்று ரோஜர்ஸ் சென்ரர் விளையாட்டரங்கின் கூரையைத் துளைத்ததால் அன்றைய பேஸ்போல் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வருடப்பிறப்புக் கொண்டாட்டத்துக்குப் புறப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் பாதி வழியில் திரும்பிய நாள் அது.

இப்போது அந்த நாளின் நாளாந்த நிரையை மட்டும் படித்துப் பாருங்கள். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும். மழை நிரலிலும் பனி நிரலிலும் எண்கள் இருக்கும். உறைமழை மழையோடும் பனிக்கட்டி மணிகள் பனியோடும் சேர்க்கப்பட்டுவிட்டதால், வீதியைக் கண்ணாடியாக்கிய அந்தப் படலத்தைப் பற்றி அந்த நிரை எதுவும் சொல்லாது. அதற்காகவே மணிவாரிப் பக்கத்துக்குப் போக வேண்டும். பியர்சனின் மணிவாரி அட்டவணையில் கடைசி நிரல் வானிலை நிரல். உறைமழை, பனிக்கட்டி மணிகள், பனி என்று அந்தந்த மணிக்கு என்ன விழுந்தது என்பது அங்கே சொற்களில் இருக்கும். காற்றின் திசை நிரல் பத்துப் பத்துப் பாகையாகத் தரப்படுவதால் 36 என்றால் வடக்கு, 9 என்றால் கிழக்கு. புயலின்போது காற்று கிழக்கு, வடகிழக்குப் பக்கங்களிலிருந்து வீசிக் குளிர்ந்த காற்றை நிலமட்டத்தில் தள்ளிக்கொண்டே இருந்தது. மேலே வெப்பமான காற்றடுக்கு, கீழே உறைநிலைக்குக் குறைந்த மெல்லிய அடுக்கு என்ற அமைப்பில், உருகிய துளி கீழே வரும்போது மீண்டும் உறைய நேரமின்றி, தொட்ட இடத்தில் உறைந்துவிடுகிறது. கீழடுக்கு தடிப்பாக இருந்தால் துளி காற்றிலேயே உறைந்து மணியாக விழும். உறைமழையும் பனிக்கட்டி மணியும் மாறி மாறி வரும் மணிகளை அட்டவணையில் கண்டால், அந்தக் குளிர் அடுக்கு தடித்தும் மெலிந்தும் போனதையே காண்கிறீர்கள்.

இந்தக் காரணத்தால், உங்கள் எக்செல் அட்டவணையில் உச்சம், தாழ்வு, மொத்த வீழ்ச்சி ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக ஒரு குறிப்பு நிரலை வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். வெப்பநிலை மறை 2 பாகைக்கும் 2 பாகைக்கும் இடையில் நின்று வீழ்ச்சியும் பதிவான நாள்கள் ஒவ்வொன்றுக்கும் மணிவாரிப் பக்கத்தைத் திறந்து, என்ன விழுந்தது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். பியர்சனுக்கு 1953 முதல் மணிவாரித் தரவு கிடைப்பதால் இது செய்து முடிக்கக்கூடிய வேலையே.

படி 10: கண்டதை முழுமையாக எழுதுங்கள்

நீங்கள் கண்ட எண்ணை ஒருவருக்குச் சொல்லும்போதோ எழுதும்போதோ நிலையத்தின் பெயர், அடையாள எண், தொடர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பது, தரவிறக்கிய திகதி ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். தவறிய நாள்கள் இருந்தால் எத்தனை என்றும் குறிப்பிடுங்கள். அண்மைய நாள்களின் எண்களுக்குப் பக்கத்தில் சிலுவை போன்ற ஒரு குறி இருக்கும். அவை முதற்கட்டத் தரச் சோதனைக்கு மட்டுமே உட்பட்டவை என்று பொருள். இவ்வருடத்து ஏப்ரல் 14ஐ இப்போது சேர்த்தாலும், சில மாதங்கள் கழித்து அந்த ஆண்டின் கோப்பை மீண்டும் தரவிறக்கி, குறி நீங்கிவிட்டதா, எண் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்ட பின்னரே உங்கள் அட்டவணையில் அதை நிலையாக வையுங்கள்.